ஏரிக்கரைக்குப் போன மாம்பழப் பெட்டிகள்

மே 11, ஞாயிறு

நாயகம் அண்ணை வீட்டில் ஐந்து குடும்பங்களும் கூடினோம். வருடா வருடம் கோடையில் ஒருநாள் பூங்காவுக்குப் போய், கோழி சுட்டுச் சாப்பிட்டு, இருட்டுமுன் வீடு திரும்புவதுதான் எங்கள் வழக்கம். இந்த வருடம் அது போதாது என்று நாயகம் அண்ணை சொல்லிவிட்டார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு ட்ரெய்லர் வாங்கினார். பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உள்ளே உண்டு. அவரும் மனைவி மங்கை அக்காவும் அதில் இந்தக் குளிர் நாட்டின் மேற்குக் கடற்கரை வரை போய் வந்துவிட்டார்கள். பக்கத்து மாகாணத்துக்குக்கூடப் போகாத எங்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபமாக இருக்கிறதாம்.

"ஏரிக்கரையிலை ரெண்டு இரவு. கூடாரம் அடிக்கிற ஆக்கள் அடியுங்கோ, வண்டியிலை படுக்கிற ஆக்கள் படுங்கோ. ஆனா ரீச்சர் பொறுப்பெடுத்தால்தான் உது நடக்கும். மற்ற ஆக்களிட்டை விட்டா தேத்தண்ணியோடை கூட்டம் கலைஞ்சிடும்" என்றார்.

ஒத்துக்கொண்டேன். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனவள் நான். பஸ்ஸில் யார் சத்தி எடுப்பான் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லுவேன்.

"அருள் வரேல்லையோ?" என்று மங்கை அக்கா கேட்டா. என் கணவருக்கு இடுப்பு வலி என்றேன். நாயகம் அண்ணை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடுப்பு வலி இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் இவருடைய இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. ஒவ்வொரு நாளும் மாலை எட்டு மணிக்கு வயிற்றில் உள்ள குழாயை ஒரு மெசினோடு பொருத்துகிறோம். விடியும் வரை அது சுத்தமான நீரை உள்ளே விட்டு, அழுக்கு நீரை வெளியே எடுக்கும். இது எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தெரிவதில் அவருக்கு விருப்பமில்லை. வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அதனால் பொழுதுபட்ட பிறகு நடக்கும் எந்தக் கொண்டாட்டத்திலும் நாங்கள் நிற்பதில்லை. சீட்டாட்டத்தில் இருபது வருடம் இவருக்குப் பங்காளியாக இருந்த நாயகம் அண்ணை, இவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்.

வரும் வழியில் மகள் ஆரணி வீட்டுக்குப் போனேன். ஏழு வயதாகிறது பேத்தி ஆதிரைக்கு. காலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆரணி குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிவிடுகிறாள். "நீ கட்டிவிடும் மட்டும் அவள் பழகமாட்டாள், பிள்ளை. கட்டத் தெரியாததாலை நீ கட்டிவிடேல்லை. நீ கட்டிவிடுறதாலைதான் அவளுக்குக் கட்டத் தெரியேல்லை" என்றேன். முதலாம் வகுப்பு ரீச்சருக்கு இதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிய பாடம்.

மே 12, திங்கள்

மின்சாரம் உள்ள இடம் கிடைத்தால் மெசினைக் கொண்டுபோகலாம். இன்று முழுவதும் சமையலில் மனம் நிற்கவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

மே 24, சனி

இன்றுதான் அவரிடம் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, ஏரிக்குப் போவமே?"

"எத்தினை நாள்?"

"ரெண்டு இரவு."

"மெசின்?"

"கரண்ட் இருக்கிற இடமா எடுக்கலாம்."

"பாப்பம்" என்று எழுந்து போனார். விருப்பமில்லாதது போலத்தான் தெரிந்தது. பின்னேரம் அலமாரியை உருட்டும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், பழைய வைக்கோல் தொப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

கூடாரத்துக்குள் அந்த வைத்தியம் செய்ய முடியாது. தூசி கூடாது, காற்று கூடாது, கதவு யன்னல் பூட்டியிருக்க வேண்டும். ஆகவே நாயகம் அண்ணையிடம் ட்ரெய்லரை இரவல் கேட்கப் போனேன்.

அவர் வாசலில் நின்று அதன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எனக்கு முழங்கால் ஏலாது. நிலத்திலை படுத்தா எழும்பமாட்டன். ரெண்டு இரவுக்கு உங்கடை ட்ரெய்லரிலை..."

"உங்களுக்கெண்டா தாறன், ரீச்சர். என்ரை பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்த கடன் கிடக்கு." குழாயைக் கீழே வைத்தார். "உங்கடை மனுசனுக்கெண்டா தரமாட்டன். அவர் ஏதும் நட்சத்திர ஹோட்டல் பாக்கட்டும்."

"அவரும் வருவார் அண்ணை."

"வருவார். எட்டு மணி அடிச்சதும் துரை எழும்பிப் போயிடுவார். போன முறை என்ரை அறுபத்தைஞ்சாவது பிறந்தநாளுக்கு வந்து, கேக் வெட்டமுதல் போனவரெல்லே."

மங்கை அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தா: "அப்ப நாங்கள் எங்கை படுக்கிறது?"

"கூடாரத்திலை."

"இந்த வயசிலையோ?"

"காட்டுக்கை படுக்காத வயசே எங்களுக்கு? படுப்பம்."

முழங்கால் பொய் நன்றாக நின்றது. வீட்டுக்கு வந்ததும் உண்மையாகவே முழங்கால் கொஞ்சம் வலித்தது.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரித் தவணை. தாதியிடம் ஏரிப் பயணத்தைச் சொன்னேன். தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். எத்தனையோ பேர் போகிறார்களாம். ஒன்று மட்டும் சொன்னாள்: மின்சாரம் போனாலும் பயமில்லை, கையாலேயே செய்யலாம். நீர்ப்பையை உயரத்தில் தொங்கவிட்டால் தானே உள்ளே இறங்கும்; காலடியில் வெறும் பையை வைத்தால் பழைய நீர் தானே வெளியே வரும். தொடக்கத்தில் எங்கள் இருவருக்கும் பழக்கிய முறைதான். உபரியாகச் சில பைகளைக் கொண்டுபோகச் சொன்னாள். அவரைப் பார்த்து, "நீங்களே செய்யலாம், கை நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.

மருந்து எடுக்க நான் வரிசையில் நின்றபோது அவர் அவளோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். என்ன கதை என்றேன்.

"காரைப் பற்றி" என்றார்.

வீட்டில், "இண்டைக்கு நான் பொருத்திப் பாக்கட்டே?" என்று கேட்டார். களைத்திருந்தார், பாவம். நானே செய்தேன். ஒரு கிருமி உள்ளே போனால் போதும், விளையாட்டில்லை.

ஜூலை 5, சனி

திட்டக் கூட்டம். பெரிய அரச பூங்காக்களில் இடமெல்லாம் குளிர் முடியமுன்னரே முடிந்துவிடுமாம். நாயகம் அண்ணை வடக்கே மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு தனியார் முகாம் பிடித்திருக்கிறார். ஏரியின் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. "எங்கடை ஏரி" என்றே வைத்துக்கொண்டோம். கூடாரத்துக்கு நான்கு இடம், அவற்றின் நடுவே, நான் கேட்டபடி, மின்சாரம் உள்ள இடம் ஒன்று. ஒன்றுதான் மிச்சமிருந்ததாம். ஒன்று போதும்.

கரடி வரும் இடம் என்பதால் கருவாடு கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டேன். நான் போட்ட சட்டங்களில் எதிர்ப்பு வந்தது இதற்கு மட்டும்தான். "கரடிக்கும் கொஞ்சம் குடுத்தாப் போச்சு" என்றார் ஒருவர். மங்கை அக்கா கிரைண்டர் கொண்டுவருகிறா. சம்பல் இல்லாமல் இடியப்பம் எப்படி என்று கேட்கிறா. இடியப்பம் ஏன் என்று நான் கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

நீர்ப்பைகளை எப்படி மறைத்துக் கொண்டுபோவது என்று யோசித்து, மாம்பழப் பெட்டிகளில் அடுக்கினேன். இந்தச் சீசனில் எங்கள் ஆட்கள் யார் வீட்டுக் கார் டிக்கியிலும் மாம்பழப் பெட்டி இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மணமாயிருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

மூன்றாம் முறையும் பைகளை எண்ணிப் பார்த்துவிட்டேன். எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை.

ஜூலை 26, சனி, காலை

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தோம். மருமகன் நிமலன் காரோட்டினான். கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகியதும் ஏரி. ஆதிரை, "இது யாருடையது?" என்று கேட்டாள். "இண்டைக்கு எங்கடை" என்றார் இவர்.

நாயகம் அண்ணை ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்து இடத்தில் நிறுத்தியதைப் பார்க்க வேண்டும். மங்கை அக்கா பின்னால் நின்று, "வலத்தை, வலத்தை, உங்கடை வலமில்லை, என்ரை வலம்" என்று கத்த, பக்கத்து இடத்து ட்ரெய்லர்க்காரர்கள் கோப்பையோடு வெளியே வந்து நின்று ரசித்தார்கள். மரத்தில் முட்டாமல் நின்றதும் அவர்கள் கைதட்டினார்கள். அண்ணை தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

மின்கம்பத்துச் செருகியில் கம்பியைப் பொருத்தினார். உள்ளே விளக்கு எரிந்தது. என் நெஞ்சுக்குள்ளும் எரிந்தது என்று எழுதினால் மிகைபோல இருக்கும், ஆனால் எழுதியாகிவிட்டது.

எட்டு மணிக்கு இவர் எழும்பினார். அப்போதுதான் நெருப்பு மூட்டி, சீட்டுக் கட்டை எடுத்து, முந்நூற்றிநாலு ஆட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"துரைக்கு நேரமாச்சு" என்றார் நாயகம் அண்ணை, நெருப்பைப் பார்த்தபடி.

இவர் நின்றார். ஏதோ சொல்லப்போவது போல இருந்தது. நான் கையைப் பிடித்து, "வாங்கோ, குளிருது" என்று கூட்டிவந்துவிட்டேன்.

மெசின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வீட்டில் போலவே அதன் பெருமூச்சுகளைக் கேட்டபடி கிடந்தேன். மூன்று வருடமாக எனக்கு அதுதான் தாலாட்டு. என்ன, இந்தத் தாலாட்டில் நித்திரை வராது. விடிய ஐந்தரைக்கு அவர் திரையை விலக்கினார். ஏரிமேல் புகைபோலப் பனி. ஒரு வாத்து தன் குஞ்சுகளை வரிசையில் கூட்டிப்போனது. கடைசிக் குஞ்சு வரிசையை விட்டு விட்டு ஓடியது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று இருக்கும்.

"மூண்டு வருசமா வீட்டுச் சுவரைத்தான் பாத்துக்கொண்டு எழும்பினனான்" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு, காலை

நேற்றைய பின்னேரத்தை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்தேன். ட்ரெய்லரிலிருந்து நாலு பக்கமும் தோரணம்போல மின்கம்பிகள் ஓடின. ஒன்றில் பெரிய சோற்றுப் பானை, ஒன்றில் மின்னடுப்பும் இடியப்பச் சட்டியும், ஒன்றில் தண்ணீர் கொதிக்கும் கேத்தல். மங்கை அக்கா கிரைண்டரின் மூடியை அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. விறகு ஈரமாம். பிள்ளைகளுக்குப் பசியாம்.

"அக்கா, இவ்வளவும் ஒரே கம்பியிலை வேண்டாமே" என்றேன்.

"ஏன் ரீச்சர்? கரண்டுக்குத்தானே இந்த இடம் எடுத்தது. உங்கடை முழங்காலுக்கு என்ன, கரண்டோ வேணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன சொல்ல?

கூட்டல் கணக்கில், "ஒன்றை மனதில் வைத்துக்கொள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். மனதில் வைத்ததை அடுத்த இடத்தில் இறக்காவிட்டால் கணக்கு பிழைக்கும். எவ்வளவு கவனமாக மனதில் வைத்திருந்தோம் என்பதற்குப் புள்ளி இல்லை.

முதல்முறை மின்சாரம் நின்றதும் நாயகம் அண்ணை கம்பத்துச் சுவிட்சைத் தட்டிவிட்டார். இரண்டாம் முறையும் தட்டினார். மூன்றாம் முறை தட்டியபோது கருகல் மணம் வந்தது. செருகி உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. நிமலன் முகாம் அலுவலகத்துக்கு ஓடினான். மின்வேலைக்காரர் காலையில்தான் வருவாராம். மின்சாரம் உள்ள மற்ற இடங்களில் எல்லாம் ஆட்கள்.

நான் ட்ரெய்லர் படியில் இருந்துவிட்டேன்.

"சோறும் அரை அவியல், இடியப்பமும் அரை அவியல்" என்று மங்கை அக்கா புறுபுறுத்தா. "பிள்ளையளுக்கு ரீச்சர் கொண்டந்த மாம்பழத்தையாவது வெட்டிக் குடுப்பம்." என்னைத் தாண்டி உள்ளே ஏறினா. எழும்பித் தடுக்க முழங்கால் விடவில்லை. இந்த முறை பொய்யில்லை.

வெளியே வரும்போது அவவுடைய இரண்டு கையிலும், பிள்ளையைத் தூக்குவது போல, இரண்டு லீட்டர் நீர்ப்பை ஒன்று.

நாயகம் அண்ணை எட்டிப் பார்த்தார். "என்ன ரீச்சர், கள்ளோ? ஏரிக்கரைக்குப் பெட்டி பெட்டியாக் கொண்டந்திட்டு எங்களுக்கு ஒரு சொட்டும் காட்டேல்லை."

"அது... எனக்கு... முழங்காலுக்கு ஒத்தடம்..."

"அது என்ரை" என்றார் இவர்.

வைக்கோல் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழும்பி வந்தார். பையை மங்கை அக்காவிடமிருந்து வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டு, கடைக்குப் போய்வந்த கதைபோலச் சொன்னார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ராத்திரியில் மெசின். அதற்குத்தான் மின்சார இடம். அதற்குத்தான் எட்டு மணி.

கிரைண்டருக்குள் அரைபட்டதும் படாததுமாகத் தேங்காய்.

"மூண்டு வருசமோ?" என்றார் நாயகம் அண்ணை.

"மூண்டு வருசம்."

"என்ரை பிறந்தநாளண்டும்?"

"அண்டும்தான்."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

இவர் என்னைப் பார்த்தார். "இவவுக்கு விருப்பமில்லையெண்டு நினைச்சன்."

"எனக்கோ?" என்றேன். "உங்களுக்குத்தானே பிடிக்காது."

"நான் எப்ப சொன்னனான்?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

மங்கை அக்கா நெற்றியில் கையை வைத்தா. "நல்ல சோடி. ஒரே கட்டிலிலை கிடந்துகொண்டு ஆளை ஆள் கேக்கேல்லை."

நாயகம் அண்ணை ஒரு விறகுக் கட்டையை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "இந்த மூண்டு வருசமும் உன்னை மனசுக்குள்ளை எவ்வளவு ஏசிப்போட்டன், அருள். அதையெல்லாம் இப்ப எங்கை கொண்டுபோய்க் கொட்டுறது?"

"உங்கை பெரிய ஏரி கிடக்கு" என்றார் இவர்.

அண்ணை சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். புகை என்றார். நெருப்பு இன்னும் மூட்டியிருக்கவில்லை.

நான் நிமலனைக் கூப்பிட்டு, சாமான்களைக் கட்டச் சொன்னேன். மூன்று மணி நேர ஓட்டம். இப்போது புறப்பட்டால் பத்து மணிக்குள் வீட்டில் மெசினைப் போடலாம்.

"நாங்கள் போகேல்லை" என்றார் இவர். "கையாலை செய்வம்."

"காட்டுக்கையோ?"

"கதவுள்ள வீட்டுக்கை. வெளியிலைதான் காடு."

"சரி, தாங்கோ, நான் செய்யிறன்." பையை வாங்கினேன். அதற்குள் இருந்த நீர் தளும்பித் தளும்பி ஆடியது. பை ஆடவில்லை, என் கை ஆடியது. எல்லோரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "சப்பாத்துக் கயிறு, ரீச்சர்."

ஆரணி சொல்லியிருப்பாள். அவளுக்கு எதையும் மனதில் வைத்திருக்கத் தெரியாது.

பையைக் கொடுத்தேன்.

அவர் ட்ரெய்லருக்குள் போகவில்லை. நேரே பிக்கப் வண்டிக்குப் போய், முன்கண்ணாடிக்குக் கீழே வெயில் விழும் தட்டில் பையைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார். குளிர்ந்த நீரை வயிற்றில் விட்டால் வலிக்கும். வீட்டில் மெசினே சூடாக்கித் தரும். இங்கே சூரியன். தாதியிடம் அன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். காரைப் பற்றி என்று சொன்னது பொய்யில்லை. இங்கே கோடையில் ஒன்பது மணி வரை இருட்டாது; ஏழு மணி வெயில் ஏரியில் பட்டுத் திரும்பி வண்டிக்குள் நிறைந்திருந்தது. அரை மணியில் பை பிள்ளைக்குக் குளிக்க வார்க்கும் தண்ணீர்போல இளஞ்சூடாகிவிட்டது.

பிறகு நடந்தது ஒரு பெருநாள். நாயகம் அண்ணை விறகுக் கட்டையோடு ட்ரெய்லர் வாசலில் காவல் நின்றார். நாய் கொண்டு உலாவ வந்த வெள்ளைக்காரக் கிழவரைக்கூட வேறு பாதையால் அனுப்பினார். மங்கை அக்கா மேசையைத் துடைத்தா, நான் துடைத்தேன், திரும்ப அவ துடைத்தா. யன்னலெல்லாம் பூட்டி, இருவரும் முகக்கவசம் போட்டோம். என்னை எதிரே இருத்திவிட்டு அவர் கை கழுவினார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, ஒன்றும் விடவில்லை. அலமாரிக் கைபிடியில் கொளுவுவதற்கு வீட்டிலிருந்தே ஒரு கொக்கி கொண்டுவந்திருந்தார். எனக்குத் தெரியாது. பையைத் தொங்கவிட்டார். மூடியைக் கழற்றினார். எதிலும் முட்டாமல் குழாயோடு குழாயைப் பொருத்தித் திருகினார். அவர் கை ஒருமுறையும் நடுங்கவில்லை. ஓரிடத்தில் நான் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தேன். முகக்கவசம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பழைய நீர் காலடிப் பைக்குள் இறங்கத் தொடங்கியதும் அவர் முகக்கவசத்தைக் கழற்றினார். "இனிக் கதவைத் திறக்கலாம். இதுக்கு அரை மணித்தியாலம் செல்லும். நாயகம்!"

"என்ன, என்ன?" கதவைப் பிய்த்துக்கொண்டு வந்தார் அண்ணை, விறகுக் கட்டையோடு.

"சீட்டு எங்கை?"

சின்ன மேசையில் இவரும் நாயகம் அண்ணையும் எதிரெதிரே. நிமலனும் மங்கை அக்காவும் மற்றப் பக்கம். தலைக்கு மேலே பை தொங்குகிறது. வாசலில் பிள்ளைகள் குவிந்து நிற்கிறார்கள். "அம்மப்பா, உங்களுக்குப் பெற்றோல் அடிக்கிறீங்களா?" என்று ஆதிரை கேட்டாள். "ஓம், ஃபுல் டாங்க்" என்றார்.

முதல் ஆட்டத்திலேயே இவர், இவ்வளவு புள்ளி எடுப்போம் என்று பெரிய கேள்வி கேட்டார். நிமலன் சிரித்தான். அண்ணை சிரிக்கவில்லை, தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பங்காளியின் முகத்தைப் பார்த்தே எது துரும்புச் சீட்டு என்று கண்டுபிடிக்கும் ஆள் அவர். மூன்று வருட இடைவெளி ஒன்றும் செய்யவில்லை. கடைசித் தாளை இவர் மேசையில் அறைந்தபோது பை ஆடியது, நான் துள்ளிப்போனேன், அண்ணை எழும்பித் தலையை மேல்தட்டில் இடித்துக்கொண்டார்.

"காயோ பழமோ?" வெளியேயிருந்து யாரோ கேட்டார்கள்.

"பெட்டி முழுக்கப் பழம்" என்றார் நாயகம் அண்ணை, தலையைத் தடவியபடி.

மூன்று ஆட்டத்திலும் அவர்கள்தான். அரை அவியல் சோற்றை நெருப்பில் வைத்துப் பதப்படுத்தி, அரைபடாத சம்பலோடு எல்லோரும் சாப்பிட்டோம். இவ்வளவு ருசியான சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. எட்டு மணி எப்போது போனது என்று தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு, மத்தியானம்

புறப்படுமுன் இதையும் எழுதிவிடுகிறேன்.

படுக்கமுன் ஒருமுறையும் விடிந்ததும் ஒருமுறையும் அவரே செய்தார். வெளியே வந்த நீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் கிருமி. பைக்குப் பின்னால் அச்செழுத்தை வைத்து, வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் தாதி சொல்லித்தந்த சோதனை. காலையில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஏரியோரம் போனோம். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது. என் கண்ணாடியைத் தேடினேன்.

"விடுங்கோ ரீச்சர், நான் வாசிக்கிறன்" என்றார் நாயகம் அண்ணை. இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகை அவர் கையில் இருந்தது. அடுப்பு மூட்டக் கொண்டுவந்தது. அதை விரித்துப் பைக்குப் பின்னால் பிடித்தார். விரித்த பக்கம் முழுக்க மரண அறிவித்தல்.

மங்கை அக்கா பல்லைக் கடித்தா. "வேறை பக்கம் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

அண்ணை கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கி, பைக்கு ஊடாக, வானொலியில் வாசிப்பது போல ஒவ்வொரு பெயராக வாசித்தார். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அன்னாரின் அருமைப் புத்திரர்கள், சின்ன எழுத்தில் இருந்த தொலைபேசி இலக்கம்வரை. ஒரு எழுத்தும் தப்பவில்லை. முடித்ததும் பத்திரிகையை மடித்தார்.

"எல்லாம் தெளிவா இருக்கு, அருள். உன்ரை பேர்தான் இல்லை."

இவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழாய் இருக்கும் இடத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் போய் அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 2, சனி

ஆறு மணிக்கு அவர் வைக்கோல் தொப்பியைப் போட்டார். கொக்கியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு மாம்பழப் பெட்டியைத் தூக்கினார்.

"எங்கை?"

"நாயகம் வீட்டை. சீட்டு. வரப் பிந்தும். நீர் படுத்துக்கொள்ளும்."

"நானும் வரட்டே? பொருத்திற நேரம்..."

"வேண்டாமப்பா. மங்கை மேசையைத் துடைச்சு வைச்சிருப்பா."

யன்னலால் பார்த்தேன். பெட்டியைக் காரின் முன்சீட்டில் வைத்து அதற்கு பெல்ட் போட்டுவிட்டார். கார் திரும்பும் மட்டும் நின்றேன்.

வீடு அமைதியாக இருந்தது. மெசின் மூலையில் சும்மா இருந்தது. எட்டு மணி அடித்ததா தெரியாது. நான் அப்போது நித்திரை.